பத்தால் வகுக்கிறவரின் பெண்

என் கணவர் நாகேஸ்வரன் எதையும் பத்தால் வகுத்துப் பார்த்துத்தான் நம்புவார். திருவனந்தபுரத்தில் அவருக்கு உத்தியோகமே அதுதான். ஒரு ரசாயனத்தை இவ்வளவு கொடுத்தும் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பரிசோதனைக்காரர்கள் ஓர் எண்ணைத் தருவார்கள். மனுஷன் எலி இல்லையே என்று இவர் அதைப் பத்தால் வகுப்பார். மனுஷர்களும் ஒரே மாதிரி இல்லையே, குழந்தைகள் உண்டு, நோயாளிகள் உண்டு என்று மறுபடியும் பத்தால் வகுப்பார். மிஞ்சுவதுதான் நாம் பயமில்லாமல் குடிக்கலாம் என்கிற அளவு. ஆபீசில் இதற்கு அன்செர்ட்டன்ட்டி ஃபாக்டர் என்று பெயர். வீட்டில் நான் வைத்த பெயர் தொடைநடுக்கம்.

நல்ல மனுஷர்தான். ஆனால் மழை வராது என்று டிவியில் சொன்னால் குடை எடுப்பார். வரும் என்று சொன்னால் லீவு போடலாமா என்று யோசிப்பார். அன்றைக்கு வாங்கிய பாலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி கேட்பார்.

போன மாதம் எங்கள் பெண் மாளவிகாவின் வகுப்பில் பொன்முடிக்கு டூர் அறிவித்தார்கள். வழியில் கல்லாற்றில் இறங்கிக் குளியல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மலையைவிட அந்தக் குளியல்தான் பெரிது. மாளவிகாவுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததால் ஓமனா டாக்டரிடம் போய்க் கேட்டோம். தாராளமாகப் போகட்டும், தண்ணீரில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்றார் டாக்டர். பெண் முன்னால் நடக்க, இவர் என் காதோடு, "ஆத்துலே எறங்கவே வேண்டாம்னு சொல்லிடு, விஜயம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் அவளைக் கூப்பிட்டு, "போகவே வேண்டாம். அப்பா சம்மதிக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போய் அறைக்குள் போனாள். இப்படி ஓர் அப்பா வாய்த்தால் குழந்தை என்ன செய்யும் என்று எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் இவருக்கு ஆபீசில் ஒரு சங்கடம். விதுரா பக்கம் எஸ்டேட்டில் தெளிக்கிற ஒரு மருந்து, கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். இவர் வகுத்துக் கொடுத்த அளவு லேபில் இருக்கிற மெஷினுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கிணற்றையும் நல்லது என்று சொல்ல முடியாது. அத்தனை பேரும் கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். எங்கே தப்பு என்று தேடினால், எலிக் கணக்கை எடுத்துக் கொடுத்த சக ஊழியர் ஹரிகுமார் குழந்தைகளுக்காக முன்பே பத்தால் வகுத்திருக்கிறார். அவர் வீட்டில் கைக்குழந்தை. வகுத்ததைச் சொல்லவில்லை. இவரும் கேட்காமல் அதே குழந்தைகளுக்காக மறுபடி வகுத்திருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னார். "ஒரே பயத்துக்கு ரெண்டு தடவை வகுத்தாச்சு, கேட்டியா. ரெண்டாவதை நான் எடுத்துட்டேன். வகுக்கறதுக்கு ஒரு தைரியமும் வேண்டாம், எடுக்கறதுக்குத்தான் வேணும்."

"அப்போ இனிமே மழை பெஞ்சாலும் ஆபீஸ் போவேளாக்கும்?" என்றேன்.

மாளவிகா சிரிக்கவில்லை. "அப்பா, என்னோட டூருக்கும் ஒண்ணை எடுக்கப்படாதோ?"

"டூரா? போக வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்? ஆத்துலே எறங்கவேண்டாம்னுதானே சொன்னேன்."

"டாக்டர் எறங்கலாம்னுதானே சொன்னா? ரொம்ப நேரம் வேண்டாம்னு மட்டுந்தானே?"

இவர் மோர்சாதம் பிசைவதை நிறுத்தினார். "அவர் வீசிங்கை நெனச்சுண்டுதான் அதையே சொல்லியிருக்கார்," என்றார் மெதுவாக. "அதுக்கு மேலே நான் ஒண்ணு போட்டுட்டேன். செரி, என்னோடதை எடுத்தாச்சு. எறங்கிக்கோ."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேலியாகப் பார்த்திருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

மூன்று வயதில் அவள் மூச்சுக்குத் திணறியபோது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அந்த விசில் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. இவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு, என் பயத்தையும் இவர் தலையிலேயே கட்டி வந்திருக்கிறேன். இவர் ஆற்றில்தான் இறங்க வேண்டாம் என்றார். நான் அவளை வாசலைவிட்டே இறங்கவிடவில்லை.

"அம்மா?" என்றாள் மாளவிகா.

"அப்பாவுக்கில்லேடி," என்றேன். "எனக்காக்கும் பயம்."

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ போகலை. போகட்டும், அம்மா."

அப்பா சம்மதிக்கமாட்டார் என்றபோது கதவைச் சாத்திக்கொண்ட பெண், எனக்குப் பயம் என்றதும் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

"நீ போறே," என்றேன். "ஆத்துலே எறங்கிக் குளிச்சுட்டும் வரே."