அரை மாத்திரைக்கு ஒரு பேரம்

எங்கள் கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'பாதி' என்றால்தான் தெரியும். பட்டன் மொத்த வியாபாரி. எதிராளி எதைச் சொன்னாலும், சொன்ன வாயை மூடுவதற்குள் "பாதி" என்பார். "பத்து நிமிஷம் உட்காருங்க" என்று உபசரித்தால்கூட "அஞ்சு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. போன வாரம் ஒரு ஜிப் வியாபாரி சொன்ன முதல் விலைக்கே "சரி" என்று தலையாட்டிவிட்டார். ஜிப் வியாபாரியே பதறிப்போய், "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

கடையில் இன்னொரு பங்கு அவருடைய அக்காவுக்கு.

"டேய், இன்னொரு தடவை நீ இப்படி ஏமாந்தா, அந்தக் கொள்முதல் நாற்காலி எனக்கு. வியாழக்கிழமை ஃபேக்டரிக்காரர் வர்றார். ஞாபகம் வெச்சுக்க."

இருபது வருஷமாக உட்கார்ந்து குழிவிழுந்த நாற்காலி அது. மனுஷர் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டு எழுதினார். "படுக்கப் போறப்ப அரை மாத்திரை. ரெண்டு வாரத்துக்கு மட்டும்."

பாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருத்தி அரை என்கிறாள்!

"ஒண்ணா ஆக்கிடுங்களேன் டாக்டரம்மா. நானும் ரெண்டு வாரத்தை ஒண்ணா குறைச்சுக்கறேன்."

"பேரம் பேச இது பட்டன் இல்லீங்க. அரைன்னா அரை. கேக்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க, நீங்களா கூட்டாதீங்க. முழுசா ஏழெட்டு மணி நேரம் தூங்க முடியும்னா மட்டும் போடுங்க. சளி மாத்திரையோட சேர்க்கக் கூடாது. குடிக்கவே கூடாது. காலையில எப்படி இருக்குன்னு தெரியுற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. வேற யாருக்கும் இந்த மாத்திரையைக் கொடுக்காதீங்க."

அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பக்கத்துக் கடைக்குக் குண்டூசிகூடக் கொடுக்காதவர்.

ஆனால் வழியெல்லாம் ஒரே கணக்கு. முதலில் சொல்லும் அளவு எவனுக்குமே கடைசி அளவு கிடையாது. இந்தம்மா அரையில் ஆரம்பித்தால், மனசுக்குள் ஒன்றரையாவது வைத்திருப்பாள்.

புதன்கிழமை படுக்கும்போது அரை போட்டார். பத்து நிமிஷம் பார்த்தார். சரக்கு வேலை செய்யவில்லை. மேலே ஒன்று போட்டார்.

மறுநாள் காலையில் மனைவி உலுக்கிய உலுக்கலில் ஒரு வழியாக எழுந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

"சாவி என்கிட்ட இருக்கு. நீங்க பின்னாடி உட்காருங்க. சாய்ஞ்சுடாதீங்க," என்றாள் மனைவி.

கடையில் ஃபேக்டரிக்காரர் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே சட்டை மாட்டிய பிளாஸ்டிக் பொம்மை, சாம்பிள் பட்டன்களோடு நின்றுகொண்டிருந்தது.

"இந்த வருஷம் ஐம்பது மூட்டை எடுத்துக்கங்க முதலாளி," என்றார் ஃபேக்டரிக்காரர்.

பாதியோ பொம்மையைப் பார்த்து, "இருபத்தஞ்சு," என்றார்.

பொம்மை பேசவில்லை.

"நாப்பது. அதுக்கு மேல கேக்காதீங்க."

பொம்மை அசையவில்லை. இப்படியொரு கெட்டியான பார்ட்டியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஐம்பதே எடுத்துக்கறேன். அதுக்காக முகத்தை இப்படித் தூக்கி வெச்சுக்கணுமா? சரிய்யா, எழுபது!"

ஃபேக்டரிக்காரர் மெதுவாகப் பேனாவைத் திறந்தார். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

"பேனாவை மூடுங்க. தம்பி மருந்து மயக்கத்துல இருக்கான். ஏண்டா, எத்தனைடா போட்ட?"

"ஒன்றரைதான்... பேசி முடிச்சது."

"யாரோட பேசி முடிச்ச?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தைந்து மூட்டைக்கு முடித்தாள். பிறகு அவரை நேராக டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "தப்பிச்சீங்க. கூடவே சளி மாத்திரையோ வேற ஏதாவதோ போட்டிருந்தா மூச்சுக்கே வம்பாயிருக்கும். இது வேலை செய்யறதுக்கே கொஞ்ச நேரம் எடுக்கும். பத்து நிமிஷத்துல யாரு சோதிக்கச் சொன்னா? சாயங்காலம் எத்தனை டீ குடிப்பீங்க?"

"எட்டு."

"ஒண்ணும் வேண்டாம்."

வாய் 'பாதி' என்று சொல்லப் போய், திரும்பி வந்தது. "சரி டாக்டரம்மா."

அந்த 'சரி'யை அக்கா கணக்கில் சேர்க்கவில்லை. மாத்திரைப் பட்டையை மட்டும் வாங்கித் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்தாள். மனைவி தினமும் அரை எடுத்துக் கொடுத்தாள். சாயங்கால டீ நின்றது. ரெண்டு வாரத்தில், டாக்டரம்மா சொல்லி, மாத்திரையும் நின்றது. தூக்கம் மட்டும் நிற்கவில்லை.

பதினைந்தாம் நாள் முகத்தில் தெளிவோடு கடைக்கு வந்தார். அக்கா நாற்காலியிலேயே இருந்தாள்.

"நல்லா ஆயிட்டேன்க்கா. எழுந்துக்க."

"அதெப்படி? இன்னும் ஆறு மாசம் நான்தான் உட்காருவேன்."

"மூணு."

"ரெண்டு மாசம். அதுக்குக் கீழ வரமாட்டேன்."

"ஒண்ணு."

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள்.

"தெளிஞ்சுட்ட. உட்காரு."

அவர் உட்காரவில்லை. முதலில் போய் அந்தப் பொம்மையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.