வினுஷாவின் வியாழக்கிழமை பத்து மணி

1

இந்தக் கதை என் புத்தியில் முளைத்தது இல்லை. பாசிர் ரிஸ் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் முதியவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் உள்ளே ஏதாவது இருக்கும். ரெண்டு வாரம் வாசலில் நின்று பார்த்தேன். ஏர்கானும் கமலாம்பிகை டீச்சரும்தான் இருந்தார்கள். காத்தோங்கிலிருந்து பஸ்ஸில் வருகிற அம்மா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. போய் உட்கார்ந்துவிட்டேன்.

"இளவயதில் நாடு விட்டு நாடு வந்து புது வாழ்க்கை தொடங்குவது பற்றி எழுதுங்கள், மிஸ்டர் மருதப்பன்."

நான் எங்கேயும் போனவன் இல்லை. இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சாங்கி விமான நிலையக் கார்கோவில் முப்பத்தொரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். உலகத்துக்கே பெட்டி ஏற்றினேன், நான் ஏறவில்லை. அதனால் என் வீட்டு ரூமில் குடியிருக்கும் பெண்ணை எழுதுகிறேன். பெயர் வினுஷா. வயது இருபத்து மூன்று. ஊர் சாவகச்சேரிப் பக்கம். லோயாங்கில் விமானம் பழுது பார்க்கும் பெரிய கொட்டகை ஒன்றில் பயிற்சி வேலை. வந்து ஐந்து மாதம் ஆகிறது.

நாளை வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு அவளை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை நிலைக்குமா, இல்லை வேலை பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவார்களா என்று அங்கே சொல்வார்கள். இன்று புதன். முடிவு எனக்கே தெரியாது. தெரிந்து வைத்துக்கொண்டு கிழவன் விளையாடுகிறான் என்று நினைக்க வேண்டாம்.

2

ஆரம்பம் சரியாக அமையவில்லை. பாருங்கள்:

"விமானம் மேலெழும்பியபோது அவள் கண்ணோரம் ஒரு துளி—"

அடித்துவிட்டேன். பொய். விமான நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பார்த்தவன் சொல்கிறேன்: அழுகிறவர்கள் வழியனுப்ப வந்தவர்கள். போகிறவர்கள் வாசல் எண்ணைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள்.

"சிங்கப்பூர் என்னும் கனவு நகரம் அவளை—"

இதுவும் போச்சு. நகரம் யாரையும் ஒன்றும் செய்யாது. அதற்கு நேரம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் வந்த அன்று என் வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். உடனே அம்மாவுக்கு வீடியோ கால். "அம்மா, இஞ்ச குழாய்த் தண்ணியை அப்பிடியே குடிக்கலாம்! பாருங்கோ, குடிக்கிறன்!" மறுபடி ஒரு டம்ளர். அங்கிருந்து தாயார், போதும் பிள்ளை, வயிறு ஊதும் என்றார். முதல் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மாடி பஸ்ஸில் மேலே முதல் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"சும்மாதான் அங்கிள். என்னை ஒருத்தரும் எங்க போறாய் எண்டு கேக்கேல்லை!"

(டீச்சரின் யோசனை: நாயகிக்கு ஊர் ஏக்கம் வேண்டும். சரி என்று அவளிடமே கேட்டேன், ஊர் ஞாபகம் வருமா என்று. "வரும் அங்கிள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் வரும். பிறகு பஸ் வந்திடும்." டீச்சர் மன்னிக்க வேண்டும், ஏக்கம் இவ்வளவுதான் கிடைத்தது.)

3

என் பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. அவளை வீட்டுக்குள் விடும் முன் பாஸ்போர்ட்டை வாங்கி ரெண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளை, ஒரு மாதத்தில் வேறு பிளாக்குக்கு ஓடிவிடும் என்று எண்ணினேன். அவள் ஓடவில்லை. தினம் சாயங்காலம் வந்து அன்றைக்குத் தொட்ட சாமானையெல்லாம் சொல்வாள். இன்று சக்கரம். இன்று இறக்கை மடிப்பு. இன்று இன்ஜின், அங்கிள், இன்ஜின்! அதன் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாளாம்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைப் பலகையில் வரைந்திருப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் தொங்க வேண்டும். ஒரு உருவம் காலியாக இருந்தால் விமானம் நகராது. ஒரு சின்ன ஆணி உள்ளே தங்கினாலும் மேலே போன பிறகு ஆபத்து. மோதிரம், வளையல், கோயில் கயிறு எதுவும் கையில் இருக்கக் கூடாது. சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

4

போன ஞாயிறு சாயங்காலம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், கீழ விசேஷம் நடக்குது, தெரியுமே? பந்தல் போட்டு, மேசை போட்டு, எல்லாரும் சீட்டு விளையாடுகினம். என்னையும் இருத்தி கச்சானும் பக்கெற் பாலும் தந்தவை."

எங்கள் பிளாக்கின் திறந்த கீழ்த்தளத்தில் பந்தல், சீட்டு, வேர்க்கடலை, பாக்கெட் பால். எனக்குக் கொஞ்சம் புரிந்துவிட்டது. "அப்புறம்?"

"நடுவில ஒரு ஆச்சியின்ர படம். நல்லாச் சிரிச்சுக்கொண்டிருந்தவ. எத்தினை வயசு எண்டு கேட்டன். தொண்ணூத்தொண்டாம்! ஆச்சியின்ர மகனிட்ட ஹாப்பி பர்த்டே சொல்லிப்போட்டு வந்தனான்."

"அடிப்பாவி! அது சாவு வீடு லா!"

"அப்ப அந்த மகன் ஏன் சிரிச்சவர்?"

"தொண்ணூத்தொண்ணு வயசுல போனா சிரிக்காம என்ன செய்வான்? அது என்ன கையில?"

மணிக்கட்டில் சிவப்பு நூல். சீனர் சாவு வீட்டில் தட்டில் வைத்திருப்பார்கள். வந்தவர்கள் ஒன்று எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிட வேண்டும். தீங்கு கூடவே வராமலிருக்க. இவள் கோயில் நூல் என்று நினைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, திருநீறும் பூசியிருந்தாள்.

கத்தினேன். நம்ம ஆளுங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. சிவப்பு நூலைக் கண்டால் கை தானாக நீளும். "போய்க் குளி, முதல்ல அதைக் கழட்டு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள். குளித்தாள். நூலைக் கழற்ற மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை நீளக் கை சட்டை, அதற்கு மேல் கையுறை. யாரும் பார்க்கவில்லை. அவளே பார்க்கவில்லை.

5

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை, திங்கள் இரவே எழுதியது கீழே.

[திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், நூலைக் காணேல்லை. இன்ஜினுக்குள்ள விழுந்திட்டுதோ தெரியேல்லை." நான் அமைதியாகச் சொன்னேன்: "பயப்படாதே மகளே, உண்மையைச் சொல்லிவிடு. உண்மை என்றும்—"]

நேற்று, செவ்வாயன்று, அவள் இதைப் படித்தாள்.

"அங்கிள், இது ஆர்?"

"நான்தான்."

"இந்த மனுசனை நான் சந்திக்கவே இல்லையே!"

என் பேனாவைப் பிடுங்கி நெடுகக் கோடு போட்டுவிட்டாள். சரி. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

அவள் லாக்கர் ரூமிலிருந்து பேசினாள். இன்ஜினைத் துடைத்து, உள்ளே லைட் அடித்துப் பார்த்து, மூடியை மூடியாகிவிட்டது. பலகையில் எல்லா ஸ்பேனரும் இருக்கிறது. நூலுக்குத்தான் பலகையில் இடம் கிடையாதே. கையுறையைக் கழற்றி உதறிப் பார்த்தாள், இல்லை. மணிக்கட்டு வெறுமை. விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்னும் அரை மணியில் வேலையை ஒப்படைத்துவிடுவார்கள்.

"வீட்டில கிடக்கோ பாருங்கோ அங்கிள். கட்டில், பாத்ரூம், வாசல். கெதியாப் பாருங்கோ!"

மெத்தையைத் தூக்கினேன். பாத்ரூம் தண்ணீர் போகும் மூடியைத் திறந்து கை விட்டேன். குப்பையைக் கொட்டிக் கிளறினேன். இல்லை.

"இருக்கு" என்றேன். "சிங்க் ஓரமா கிடக்கு. நீ கிளம்பி வா."

விமானம் நிற்கும் தளத்தில் முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். தரையில் ஆணி கிடந்தால் வண்டியை நிறுத்தி, குனிந்து பொறுக்கினவன். அந்த விமானத்தில் இருநூறு பேர் ஏறுவார்கள் என்று தெரியும். தெரிந்தே சொன்னேன். அவள் வேலையிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சமையலறையில் நின்று இன்ஜின் என்று கத்த ஆள் இருக்காது. (இதை எழுதியதும் அடிக்கப் போனேன். அடிக்கவில்லை.)

"படம் எடுத்து அனுப்புங்கோ."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"என்ர பாஸ்போர்ட்டை ரெண்டு தரம் டோர்ச் அடிச்சுப் பாத்தனீங்கள். நான் ஒருக்காப் பாக்கக் கூடாதோ?"

வைத்துவிட்டாள். நான் லிஃப்டுக்கு ஓடினேன். எழுபத்தோரு வயசு, ஒரு காலில் செருப்பு இல்லை. கீழே ஆச்சியின் சாவு வீடு இன்னும் முடியவில்லை, ஐந்து நாள் வைத்திருந்தார்கள். தட்டிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்தேன். அந்த மகன் எழுந்து பாக்கெட் பால் நீட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மேலே வந்தேன். எறிந்துவிட்டு வா என்று நானே கத்திய சாமானை நானே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சிங்க் ஓரம் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

பதில் வந்தது. "அங்கிள், என்ர நூலில மூண்டு முடிச்சு. இது முடிச்சே இல்லாத புது நூல்."

அடுத்த வரி: "பரவாயில்லை. உங்களோட கதைச்ச கையோட இம்ரான் அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டன்."

6

இம்ரான் அவளுடைய குழுத் தலைவர். அவள் சொன்னதும் எதுவும் திட்டவில்லையாம். கையைத் தூக்கி, "ஸ்டாப்" என்று ஒரே சத்தம். கொட்டகை முழுக்க நின்றது. சாயங்காலம் புறப்பட வேண்டிய விமானம். மூடியை மறுபடி கழற்றினார்கள். நாலு பேர், ரெண்டு லைட், பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடி. ஒன்றரை மணி நேரத்தில் இம்ரானே கண்டுபிடித்தார். இன்ஜின் அடியில் எண்ணெய் வழியும் விளிம்பில் ஒட்டியிருந்தது. முடிச்சு மூன்றும் அப்படியே.

அழுதுகொண்டு வருவாள் என்று டீ போட்டு வைத்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கிரீஸ்.

"அங்கிள்! ஒரு பிளேன் என்ர சொல்லுக்கு நிண்டது!"

"பைத்தியமா உனக்கு? வேலை போகப் போகுது."

"போகலாம். நூல் கட்டினது என்ர பிழைதானே. ஆனா நான் வாய் திறந்தன், எல்லாரும் நிண்டவை. ஆர் நீ, எங்கயிருந்து வந்தனீ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. உடனே கழட்டத் தொடங்கிட்டினம்! பிறகு இம்ரான் அண்ணை, இனிமே கயிறு கியிறு கட்டினா கையையே கழட்டிப் பலகையில தொங்க விடுவன் எண்டவர்!"

கை காட்டிக் காட்டி எட்டு தடவை சொன்னாள். எட்டாவது தடவை நானும் கூடவே கையைத் தூக்கினேன். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றாள்.

7

வியாழன். மணி பத்து இருபது. அவள் எட்டரைக்கே போய்விட்டாள், சட்டையை அயர்ன் செய்து, மணிக்கட்டை எனக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு.

டீச்சர் ரெண்டு முடிவு கொடுத்திருக்கிறார். ஒன்று: மேலாளர் அவள் நேர்மையைப் பாராட்டிக் கை குலுக்குகிறார். இது பள்ளிக்கூடப் புத்தகம். ரெண்டு: சட்டம் சட்டம்தான், அவள் பெட்டியோடு சாங்கியில் நிற்கிறாள், நான் கையசைக்—

முடியாது. எழுத மாட்டேன்.

அவள் முடிவில் ஒரு தடவை நான் கை வைத்தாயிற்று. கேட்டால் நல்லதுக்குத்தான் என்பேன். கை வைக்கிறவன் எவனும் அப்படித்தான் சொல்வான். அவளோ அரை மணியில், தனியாக, ஒரு அந்நிய நாட்டில், தன் வாயால் தன் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். இனி அதற்கு மேல் நான் எழுதும் வரி எதுவும் அவள் வரி இல்லை.

இருங்கள், ஃபோன் அடிக்கிறது. அவள்தான்.

எழுதிக்கொண்டிருந்ததில் எடுக்கத் தவறிவிட்டேன். நின்றுவிட்டது.

மறுபடி அடிக்கிறது. நின்றது. உடனே இன்னொரு தடவை. இந்தப் பெண்ணுக்குப் பொறுமையே கிடையாது.

நல்ல சேதி என்றால் இப்படி அடிப்பாளா? கெட்ட சேதி என்றால் இப்படி அடிப்பாளா? ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது அவளைத் தெரியும். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் எடுக்கிறேன்.