சாப்பாட்டு மேசையிலிருந்து இறங்கிய கப்பல்

கப்பலை இடம் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரி. அவள் கணவர், பல் செட் செய்கிறவர். அவள் தம்பி, வேறு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு வந்து பின்னறையில் மெத்தை விரித்தவன், அதன் பிறகு வீடு தேடியதாகத் தகவல் இல்லை. கல்லூரிக்குப் போகும் மகள், ஒரு வேலை சொன்னால் உடனே பரீட்சை ஞாபகம் வருகிறவள். மாடி வீட்டுக்காரர், யாரும் கூப்பிடாதவர். இவர்கள் போக, பாதி முடிந்த ஒரு பாய்மரக் கப்பல், ஒரு கை நீளம்.

வீட்டுக்காரிக்கு வேண்டியது ஒன்றுதான். சாப்பாட்டு மேசை.

இரண்டு வருடமாக அந்த மேசையில் முக்கால் பாகம் கப்பலுக்கு, மிச்சம் மனிதர்களுக்கு. குழம்புச் சட்டி ஜன்னல் திட்டில் உட்காரும். தட்டு மடியில் உட்காரும். ஒரு முறை தயிரில் குண்டூசி கிடந்தது. "நல்லவேளை, ஊசி வளையல" என்று சொல்லி அதை எடுத்துத் துடைத்துக் கப்பலில் குத்தினார் கணவர். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க ஊரார் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். சொந்த வீட்டில் முழங்கையை ஊன்ற ஓர் இடம் கேட்பது பேராசை இல்லை என்று அவள் நினைத்தாள்.

அதனால் தீர்ப்பு சொன்னாள். பின்னறை இனிப் பட்டறை. கப்பல் அங்கே போகும். தம்பி கூடத்துக்கு வருவான். தீர்ப்பு இரண்டு தரப்புக்கும் பிடிக்கவில்லை.

"அந்த ரூம்ல வெளிச்சம் பத்தாதும்மா" என்றார் கணவர்.

"அந்த ரூம்ல ஈரம்க்கா, மரம் ஊறிப்போயிடும்" என்றான் தம்பி.

"நீ ஊறலையே?"

அதோடு பேச்சு முடிந்தது. காலையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மத்தியானம் ஆகியும் கணவர் சுவரில் ஒரே ஒரு பலகையைத்தான் மாட்டியிருந்தார். அந்தப் பலகையில் ஒவ்வொரு கருவியாக வைத்து, பென்சிலால் அதன் உருவத்தைச் சுற்றி வரைந்து, அது தொங்க ஆணி அடித்துக்கொண்டிருந்தார். குட்டி ரம்பம். அரம். குறடு. அதன் பிறகு பல் சுரண்டுகிற கொக்கிகள், தொழிலில் தேய்ந்து கப்பலுக்கு வந்தவை. அவற்றில் எது எதற்குப் பக்கத்தில் தொங்க வேண்டும் என்பதில் அவருக்கே அவரோடு ஒத்துப்போகவில்லை. நான்கைப் பிடுங்கி மறுபடி அடித்தார்.

"என்னங்க, மாட்டத்தானே போறீங்க, கல்யாணமா பண்ணி வைக்கப் போறீங்க?"

"கைய நீட்டினா கண்ண மூடிக்கிட்டே எடுக்கணும். அதுக்குப் பேர்தான் பட்டறை."

"கண்ண மூடிக்கிட்டு ரம்பத்த எடுக்கிற ஆளுக்கு நான் கட்டுப் போட மாட்டேன், சொல்லிட்டேன்."

தம்பி பழைய கதவு ஒன்றை இரண்டு குட்டை அலமாரிகளின் மேல் கிடத்தி வேலை மேசை ஆக்கினான். அது ஆடியது. அட்டையை மடித்து ஒரு பக்கம் சொருகினான், மறுபக்கம் ஆடியது. மாடி வீட்டுக்காரர் வாசல்படியில் நின்றபடி, "வெளிச்சம் இடது கைப்பக்கம் வரணும், மேசையத் திருப்பிப் போடுங்க" என்றார்.

"அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றான் தம்பி.

"எனக்கு இடுப்புப்பா." சொல்லிவிட்டு இன்னும் வசதியாக நிலையில் சாய்ந்துகொண்டார்.

மகள் ஜாம் பாட்டில்களில் சாமான்களைப் பிரித்துப் போட்டாள். மெல்லிய நூல், தடித்த நூல், பாய்க்கயிறு ஓடுவதற்கான முந்திரிக்கொட்டை மாதிரிக் கப்பிகள், குட்டிப் பீரங்கிகள். அப்பா ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பார்த்து, பாதியை வேறு பாட்டிலுக்கு மாற்றினார். மகளுக்குப் பரீட்சை ஞாபகம் வந்தது. அம்மா பார்த்த பார்வையில் அது மறந்தும் போனது.

ஒருவழியாகக் கப்பலின் முறை வந்தது. அது இத்தனை நாளும் ஒரு தடிப்பலகையின் மேல், அடிக்கட்டையோடு திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அந்தப் பலகையோடு தூக்கினால் பின்னறை மேசைக்கு உயரம் சரிப்படாது. கணவர் புதிதாக ஒரு தாங்கி செய்து வைத்திருந்தார். திருகாணிகளைக் கழற்றினார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி என்று சொல்ல முடியாது. தன் குழந்தையை அவர் அப்படித் தூக்கியதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார். எல்லோரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். கப்பல் தாங்கியில் இறங்கியது.

வீட்டுக்காரி அங்கே நிற்கவில்லை. ஈரத்துணியோடு சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள். காய்ந்த பசையைக் கத்தியால் சுரண்டினாள். சோப்புப் போட்டுத் துடைத்தாள். பீரோவிலிருந்து விரிப்பை எடுத்து உதறி விரித்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் ஊன்றினாள். தேநீர் ஊற்றிக்கொள்ளலாமா என்று அவள் யோசித்தபோது பின்னறையில் பேச்சு நின்றுபோனது.

அந்த வீட்டில் பேச்சு நின்றால் எதுவோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எழுந்து போனாள்.

எதுவும் உடைந்திருக்கவில்லை. மகள் புது மேசையின் நடுவில் அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடு போட்டிருந்தாள், கப்பலை நேராக நிறுத்துவதற்காக. கப்பலின் மூக்கு கோட்டின் மேல் இருந்தது. வால் கோட்டின் மேல் இருந்தது. வயிறு மட்டும் கோட்டை விட்டு ஒரு விரல்கடை விலகி, வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

"கழட்டும்போது நேராத்தாம்மா இருந்துச்சு" என்றாள் மகள். "வச்சதும் மெதுவா திரும்பிடுச்சு."

"ஏதோ ஞாபகம் வந்து வீட்டுக்குத் திரும்புது போல" என்றான் தம்பி.

மாடி வீட்டுக்காரர் இடுப்பை மறந்து உள்ளே வந்து குனிந்து பார்த்தார். "ஒரு பக்கம் முழுக்கப் பலகை ஒட்டியிருக்கு. மறுபக்கம் வெறும் எலும்புக்கூடு. ஒட்டின பக்கம் காஞ்சு இழுக்காதா? அடிப்பலகையில திருகி வச்சிருந்ததால இத்தனை நாள் தெரியல."

வீட்டுக்காரி கணவரைக் கேட்டாள், "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஒட்டணுமாங்க?"

"ஆமா."

"தெரியுமா?"

"படிச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன்?"

அவர் கப்பலைப் பார்த்தே சொன்னார். "மேல் வரிசைய முடிச்சிட்டுத்தான் கீழ் வரிசைக்குப் போவேன். இருபது வருஷமா அப்படித்தான். கை அதே மாதிரி போயிடுச்சு."

"இது என்ன பல் செட்டா? கப்பலுக்குப் பசிச்சா கடிச்சுத் திங்கப் போகுதா?" அவளுக்குத் தலைக்கு ஏறியது. இரண்டு வருடம் மடியில் தட்டு. தயிரில் குண்டூசி. அத்தனையும் ஒரு வாழைப்பழத்துக்காக. "நிமித்த முடியாதா?"

"பலகை எல்லாத்தையும் பிரிக்கணும். வெந்நீர்த் துணி போட்டுப் பசைய இளக்கி ஒவ்வொண்ணா. திரும்ப மொதல்லேர்ந்து."

தம்பி தொண்டையைச் செருமினான். "நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க அத்தான். இனிமே இதுக்கு எதுக்குத் தனியா ஒரு ரூம்? தூக்கிப் பரண்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க." சொல்லிக்கொண்டே கூடத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது, காலையில் அங்கே போட்ட மெத்தை முன்னால் வந்தது, பின்னால் அவன் வந்தான்.

மெத்தை கதவு நிலையில் நுழைந்தது. கணவர் அதோடு சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் பசை டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கப்பலைத் தாங்கியோடு தூக்கினார். மெத்தையைத் தாண்டி வெளியே வந்தார்.

"எங்க போறீங்க?"

"மேசைக்கு. அவன் படுக்கட்டும். நான் பழைய எடத்துலயே பிரிச்சு ஒட்டிக்கிறேன். அங்க வெளிச்சமும் நல்லாருக்கும்."

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். விரிப்பின் நான்கு முனையும் சமமாகத் தொங்கியது. இன்னும் ஒரு தம்ளர்கூட அதன் மேல் வைக்கவில்லை. வளைந்த கப்பல் நேராக அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

குறுக்கே போய் நின்றாள். "ஒரு அடி எடுத்து வச்சீங்க, கப்பல் இருக்காது."

"அப்ப எங்கதான் போகச் சொல்ற?"

அவள் மெத்தையின் விளிம்பைப் பிடித்தாள். தினமும் ஈரப் போர்வை மூட்டை தூக்குகிற கை. ஒரே இழுப்பில் மெத்தை கூடத்துக்கு வந்தது, மறுமுனையைப் பிடித்திருந்த தம்பியும் கூடவே வந்தான்.

"அக்கா! கூடப்பிறந்தவன்க்கா நான்!"

"அதனாலதான் மெத்தையோட விட்டேன். நாளைக்குப் போய் வீடு பாரு. இன்னைக்கு இங்க படு. மேசைக்கு அடியில கால நீட்டினாலும் ஒடிப்பேன்."

மாடி வீட்டுக்காரருக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. படியேறிப் போனார். மகள் வெந்நீர்ப் பாத்திரத்தையும் இரண்டு பழைய துணிகளையும் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்துவிட்டு நழுவினாள்.

"உள்ள போங்க" என்றாள் வீட்டுக்காரி.

கணவர் கப்பலோடு போனார். கோட்டின் மேல் அதை வைத்தார். கைநீட்டி, திரும்பிப் பார்க்காமலே, சுவரிலிருந்து சரியான கொக்கியை எடுத்தார். முதல் பலகையின் முனையில் ஈரத்துணியைச் சுற்றினார்.

"மாத்தி மாத்தி ஒட்டுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பல்லுன்னு நெனச்சீங்க, உங்க பல்லத்தான் எண்ணணும்."

"சரி. கதவச் சாத்திட்டுப் போ. அவன் மறுபடி மெத்தையோட வந்துடுவான்."

"எப்படி வருவான்?"

அவள் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டில் சாவியை இரண்டு தடவை திருப்பி எடுத்து, புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே கணவர், "ஏய், வெளியிலேர்ந்தா பூட்டின?" என்று கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.