வலது கதவு

"கெட்டியா புடிங்க பாய், ஆடுது." மலர்க்கொடி ரம்பத்தை மறுபடி பென்சில் கோட்டில் வைத்தாள்.

இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடந்த கேட் கதவை எதிர்வீட்டு பஷீர் அழுத்திப் பிடித்தார். பத்தடி தள்ளி, ஷாமியானாவுக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டியில் அவள் புருஷன் ஜெயவேல் கிடந்தார். தெருவில் சவ வண்டி வந்து நின்று அரைமணி ஆகிவிட்டது. மோளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மலரு இது, ஊரே பாக்குது," என்றார் ஜெயவேலின் அண்ணன் தீனா. "அதான் கழட்டியாச்சே. செவுத்துல சாத்திட்டு அவன எடுத்துகினு போலாம். கதவ அப்பால பாத்துக்கலாம்."

"அப்பால யாரு மாமா பாப்பாங்க?"

அவர் சவ வண்டிக்காரரைப் பார்த்து, இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க வீட்டை உயர்த்திக் கட்டியதில், வாசல் தெருவிலிருந்து மேடாக ஏறிப் போகும். மலர்க்கொடியின் ஆட்டோ ராத்திரியெல்லாம் தெருவில்தான் நிற்கும். போன மாதம் யாரோ அதன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே ஜெயவேல் பேக்கிங் பெட்டி மரம் வாங்கிவந்து கேட் செய்ய உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். தச்சு வேலை தெரியாது.

"ஒத்தக் கதவுன்னா தொறக்க சொல்லோ மேட்டுல இடிக்கும் மலரு. ரெட்டையா போட்டு, அடியில சாய்வா அறுத்துட்டோம்னு வையி, உன் வண்டி மகாராணி மாரி உள்ள வரும்."

இடது கதவை அப்படியே அறுத்து மாட்டினார். நேற்று வலது கதவையும் மாட்டி, மேட்டை அளந்து, அடியில் கோடு போட்டார். "தண்டார்பேட்ட சவாரி முடிச்சிட்டு வா. ஒண்ணா டீ குடிச்சிட்டு அறுக்கலாம்."

அவள் திரும்பி வந்தபோது, காதில் பென்சிலோடு கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் கொஞ்சம் தள்ளியே வண்டியை நிறுத்தினாள்.

"கோட்ட வுட்டு போவாதம்மா," என்றார் பஷீர். "அவன் திட்டுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். கடைசித் துண்டு விழுந்தது.

தீனாதான் முதலில் வந்து கதவின் ஒரு முனையைத் தூக்கினார். பஷீரும் அவருமாகக் கீலில் மாட்டினார்கள். மலர்க்கொடி தள்ளினாள். கதவு எங்கும் உரசாமல் முழுசாகத் திறந்தது.

"தூக்குங்க," என்றாள்.

மோளச் சத்தம் தெருமுனை திரும்பி ஓய்ந்தது. பெண்கள் குளிக்கக் கூப்பிட்டார்கள். "இருங்க, வரேன்," என்று இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சாத்தினாள். சாய்வாக அறுத்ததில், நடுவே அடியில் முக்கோணமாக ஒரு சந்து விழுந்திருந்தது.

"யோவ், இத யோசிக்கலியே நீ."

தெருவில் சிதறிக் கிடந்த பூவை முகர்ந்துகொண்டிருந்த நாய்க்குட்டி அந்தச் சந்தில் தலையை நுழைத்து, உடம்பை நெளித்து உள்ளே வந்தது. மேட்டில் ஏறி மரத்தூளின் மேல் சுருண்டு படுத்தது. மலர்க்கொடி அதை விரட்டவில்லை.