கவனிச்சுடுங்க

பூங்கா மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் புல்லம்மா. கழிவுநீர்க் கால்வாய்க்கும் பேருந்துப் பணிமனைக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டு நிலத்தை, எதையும் வெட்டாமல் வளரவிடப்போகிறேன் என்று மாநகராட்சியோடு மல்லுக்கட்டி வாங்கியவள் அவள். எருக்கும் நாணலும் ஆளுயரம் எழுந்தன. எருக்கிலையில் புழுக்கள், புழுக்களிலிருந்து பட்டாம்பூச்சிகள், பின்னாலேயே குருவிகள், தவளைகள் என்று ஒரு கூட்டமே குடியேறியது. அக்கம்பக்கத்தார்தான் விடவில்லை. பாம்பு வரும், கொசு வரும் என்று போன் மேல் போன். "கொசுவைத் தின்னத்தாங்க தவளையே வந்திருக்கு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் ஆணையரே நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். பிடித்திருந்தால் நிலம் அவளிடமே இருக்கும். பிடிக்காவிட்டால் கார் நிறுத்துமிடம்.

துப்புரவுப் பிரிவு மேஸ்திரி வேறு யாருமில்லை, அக்காவின் வீட்டுக்காரர். எவனாவது வந்து குப்பையைக் கொட்டிவிடப் போகிறானே என்று முந்தின நாள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். "மாமா, நாளைக்கு ஆணையர் வர்றாரு. அந்த இடத்தைக் கொஞ்சம் கவனிச்சுடுங்க."

அந்த ஒரு வார்த்தைதான் குடியைக் கெடுத்தது. 'கவனிச்சுக்குங்க' என்றிருக்க வேண்டும். துப்புரவுப் பிரிவில் ஓர் இடத்தைக் 'கவனிச்சுடுவது' என்றால் வழித்துத் துடைப்பது.

காலையில் போய் நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிலம் மொட்டையாகக் கிடந்தது. சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு வேறு. எருக்கெல்லாம் புழுவோடு குப்பை லாரியேறி எப்போதோ போய்விட்டது.

"எப்படி? நம்ம ஆளுங்க மொத்தப் பேரையும் இறக்கிட்டேன்ல!" என்றார் மாமா.

"உங்களை யாரு மாமா வெட்டச் சொன்னா?"

"நீதானே கவனிச்சுடுங்கன்னே!"

தலையிலடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. ஆணையரின் கார் வந்துவிட்டது. அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஷூவில் மண் படாமல் நடந்து பார்த்தார்.

"ஏதோ புதர்க்காடா இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன். பல்லுயிர்ப் பூங்கான்னா இவ்வளவு சுத்தமா இருக்கும்னு தெரியாம போச்சே! பார்க்கிங்கை வேற எங்கயாவது பாத்துக்கலாம். இது உங்க பொறுப்புலயே இருக்கட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் நிலம் போய்விடும், மாமாவின் வேலைக்கும் ஆபத்து. எருக்கு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தப் புழுக்கள் போனது போனதுதான்.

"சரிங்க சார்" என்றாள். தன் குரலைக் கேட்க அவளுக்கே பிடிக்கவில்லை.

கார் போனதும் மாமா முறுக்கிக்கொண்டார். "காரியத்தையே முடிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு நன்றிகூடக் கிடையாதாம்மா?"

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். "ரொம்ப நன்றி மாமா" என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

மாமா பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினார். "அட, சந்தோஷத்துல இப்படியா அழுவாங்க? கவலையை விடு, இனிமே மாசாமாசம் ஆள் அனுப்புறேன்."