பேர் சொல்லாத ஜெபம்

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் நான் மீனம்மாவின் பெயரைச் சொல்லவேயில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதை ஊரறிய உளறுகிற உபதேசியார் நானல்ல. கண்களை மூடி, கைகளை உயர்த்தி, நான் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து உம்மோடு பேச்சு வார்த்தை இல்லாமல், கூட்டத்துக்கு வந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிற உம்முடைய மகளின் கல்நெஞ்சை உடைத்தருளும்."

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான கீழ் லயத்தில், கூட்டம் நடந்த அந்தச் சின்னக் காம்பராவுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்திதான் இருந்தாள் என்பது, ஆமென் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்பே எல்லாரும் திறந்திருந்தார்கள். அத்தனை கண்களும் அடுப்போரம் உட்கார்ந்திருந்த மீனம்மாவின் உதட்டின்மேல் இருந்தன. அவள் எழுந்தாள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அவள் புருஷன் நல்லமுத்து, போவதா இருப்பதா என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ஜெபத்துல நல்ல வல்லமைங்க ஐயா" என்றாள் காளியாயி. ஞானஸ்நானத்தில் அவளுக்கு மார்த்தாள் என்று பெயர் வைத்தோம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் அந்தப் பெயர் செல்லாது என்பதால் பழைய பெயரிலேயே கொழுந்து எடுக்கிறாள், பழைய நாக்கோடு.

மீனம்மா முந்தின வாரம்தான் என்னிடம் தனியாக வந்து சொன்னாள். "ஐயா, எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. கண்ண மூடுனா நெஞ்சு அடைச்சுக்குது. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க." நான் யாரிடமும் சொல்லவில்லை. கர்த்தரிடம் மட்டும் சொன்னேன். அவரிடம் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அவருக்குத் தெரியாத விவரங்களை எல்லாம் எடுத்துச் சொல்வதும் என் வழக்கம். வட்டவளைக்கு மேலே மூன்று தோட்டங்களில் என்னைப் போல நீளமாக ஜெபிக்கிறவர் இல்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்த சனங்களிடம், பரலோகத்தில் உங்களுக்குக் குடியுரிமை தயாராக இருக்கிறது என்று கூசாமல் சொல்லி ஆமென் வாங்கியவன் நான். அந்தப் பரலோக விண்ணப்பத்துக்கும் ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை. நல்ல சனங்கள்.

அடுத்த ஞாயிறு மீனம்மா கோவிலுக்கு வரவில்லை. வழியில் மறித்து, "என்னம்மா, மனசுல என்ன தடை?" என்று கேட்டேன்.

"சளிங்க ஐயா" என்றாள்.

நல்லமுத்துவைக் கேட்டேன். "இந்த வாரம் கொழுந்து ரொம்பங்க" என்றான். கொழுந்துக்கும் கோவிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் மலைக்குப் போய்விட்டான்.

ஆறுதல் சொல்ல மூன்று பெண்களை அனுப்பினேன். காளியாயி தலைமை. போய் உட்கார்ந்து, பிள்ளை தேவதூதர்களோடு விளையாடுகிறது என்று மாற்றி மாற்றி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மீனம்மா மறுபேச்சுப் பேசாமல் மூன்று பேருக்கும் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். "விசுவாசத்துல இருந்து விழுந்துட்டா ஐயா, வாயில வைக்க முடியல" என்று வந்து முறையிட்டாள் காளியாயி.

மாதம் ஒருமுறை அட்டனிலிருந்து வருகிற பாதிரி ஐயரிடம் நடந்ததைச் சொன்னேன். முக்கால்வாசி சொன்னேன். "இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்றேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, அது ஒடிந்து உள்ளே விழுவதைத் துக்கத்தோடு பார்த்து, "ஜெபியுங்கள்" என்றார். நோய்க்குக் காரணமான சாராயத்தையே மருந்தாக எழுதிக் கொடுக்கிற வைத்தியரை அன்றுதான் கண்டேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், லயத்துக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய மரக்கறித் தோட்டத்துக்கு நானே போனேன். மீனம்மா முள்ளங்கிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தாள். நல்லமுத்து சாணக் கூடையோடு நின்றான். நான் உதவி செய்கிற தோரணையில் பக்கத்துப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கினேன்.

"ஐயா, அது பீட்ரூட்டுங்க" என்றான் நல்லமுத்து.

அதைத் திரும்ப நட்டேன். நடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு நான் கூட்டத்துல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மீனம்மா" என்றேன்.

"அது கெடக்குதுங்க."

"கோபம் இருந்தா என்னைத் திட்டு. கர்த்தர்மேல கோவிச்சுக்கிறது நல்லதில்ல."

மண்வெட்டி நின்றது.

"ஒண்ணு கேக்கவா ஐயா? கேட்டா உடனே கண்ண மூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சிறக் கூடாது. அதுக்குப் பயந்துதான் இத்தன நாளும் கேக்கல."

"கேளு."

"போன மழையில புள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்ப, ஆஸ்பத்திரிக்குப் போக லொறி கெடைக்கல. நீங்க வந்தீங்க. புள்ள நெத்தியில கைய வச்சீங்க. கர்த்தர் எனக்கு வாக்குக் குடுத்துட்டாரு, புள்ள பொழச்சுக்கும்னு சொன்னீங்க."

நான் பீட்ரூட்டைப் பார்த்தேன்.

"நான் அத நம்பி அடுப்ப மூட்டி, புள்ள எந்திரிச்சா குடிக்கட்டும்னு கஞ்சி வச்சேன். விடியறதுக்குள்ள போயிருச்சு. அதுல இருந்து அவரு முன்னால ஒக்காந்தா இந்த ஒண்ணுதான் வருது. சாகப் போறத எடுத்துக்கிறவரு எடுத்துக்கட்டும். எடுத்துக்கிறதுக்கு முன்னால எதுக்கு வாக்குக் குடுக்கணும்? ஏமாத்துறவருகிட்ட என்னத்தக் கேக்கிறது?" அவள் குரல் உயரவில்லை. "நெசத்தச் சொல்லுங்க ஐயா. அன்னைக்கு அவரு உங்ககிட்ட சொன்னாரா?"

என்னிடம் பதில்கள் இருந்தன. வாக்கு வேறு விதமாக நிறைவேறியது என்று ஒன்று. அவருடைய வழிகள் நமக்கு எட்டாது என்று ஒன்று. இரண்டையும் பல வீடுகளில் சொல்லி, எல்லா இடத்திலும் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கும் இதே முகம்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு 'தெரியாது' என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதற்கு ஒரு வாக்குத்தத்தம் சுலபமாக இருந்தது. செலவும் என்னுடையதில்லை.

"இல்ல மீனம்மா" என்றேன். "அவரு ஒண்ணும் சொல்லல. நானாச் சொன்னேன்."

"நீங்களாவா?"

"நானா. நீ அழுததப் பார்க்க முடியல. சொல்லிட்டேன்."

நல்லமுத்து கூடையைக் கீழே வைத்தான். என்னை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் பாட்டுக்கு அந்தச் சாணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

மீனம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, எனக்கில்லாமல் யாருக்கோ சொல்வதுபோல், "அப்ப பொய் சொன்னது இவருதான். அவரில்ல" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். மண்வெட்டிப் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"செய்யாத குத்தத்துக்கு உங்ககூடப் பேசாம இருந்துட்டேனே" என்று ஆரம்பித்தாள். அது எனக்கோ நல்லமுத்துவுக்கோ சொன்ன பேச்சல்ல, கர்த்தரிடம் பேசினாள். கண்ணை மூடவில்லை, கையை உயர்த்தவில்லை. பிள்ளைக்குக் கடைசியாகப் போட்ட சட்டையின் நிறத்தைச் சொன்னாள். கஞ்சியைக் கோழிக்கு ஊற்றியதைச் சொன்னாள். லொறி தராதவனைத் திட்டினாள். எடுத்துக்கொண்டதற்காக அவரையும், பக்கத்து வீட்டு மனிதரிடம் சண்டை பிடிப்பதுபோல், நேருக்கு நேராகத் திட்டினாள். பிறகு, "ஒத்தையில நின்னு தூக்க முடியலப்பா. நீங்களும் ஒரு கை புடிங்க" என்றாள். பாரக் கூடையைத் தலையில் ஏற்றப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிறவளைக் கூப்பிடுகிற அதே குரல்.

பழக்க தோஷத்தில் என் வாய் 'ஆமென்' என்று குவிந்தது. அவள் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள். மூடிக்கொண்டேன். உபதேசியாராகி அத்தனை வருடத்தில், ஒருவர் ஜெபித்து முடிக்கும்வரை நான் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அது அவமானமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி மண்வெட்டியை எடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் மூச்சு சீராக வந்தது.

"நாளைக்குக் கோவிலுக்கு வருவியா?"

"வருவேங்க. அவருகூட இன்னும் பேச வேண்டியது கெடக்கு."

அதோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"என்னை மன்னிச்சிட்டியா மீனம்மா?"

இத்தனை நாளாகச் சளி, கொழுந்து, ஜெபியுங்கள் என்றே கேட்டுப் பழகிய காது, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா" என்பதை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

"இல்லீங்க" என்றாள். "இன்னும் இல்ல. அதுக்கு மனசு குடுக்கச் சொல்லி அவருகிட்டத்தான் கேக்கணும். அவரு குடுக்கிற வரைக்கும் நீங்க எங்க வூட்டுல ஜெபம் பண்ண வேண்டாம்."