தலைக்கு ஊத்தலைங்க

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் லாரியில் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தெருவில், தொட்டி நிரம்பி வாசலெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் அந்த லாரி நின்றதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிரம்பிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு லாரி? வேலையற்ற கேள்விதான். அப்படியொரு கேள்வி கிடைத்தால் லேசில் விடுகிற ஆள் நான் இல்லை. மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: சண்முகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினா—

(நிறுத்து. சினிமாவில் இப்படி ஓடாத பெண் பாக்கி உண்டா?)

இரண்டாம் தொடக்கம்: சண்முகப்பிரியாவுக்கு அன்று மாங்காய் தின்ன ஆசையா—

(அட, போப்பா.)

மூன்றாவது: சண்முகப்பிரியா கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்குகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. எருவின் வாடை அவள் மூக்குக்கு எப்போதோ பழகிவிட்டது. அன்று காலை கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்த வாடை முகத்தில் அறைந்தது. வாந்தி வரவில்லை. வரும்போல இருந்தது, அவ்வளவுதான். டீ பிடிக்கவில்லை. மத்தியானம் அட்டை அடுக்கில் சாய்ந்து தூங்கியே போனாள். நடுநடுவே எழுந்து கக்கூசுக்குப் போய்வந்தாள். மார்பு கனத்து, துணி பட்டாலே வலித்தது. நாளும் தள்ளிப் போயிருந்தது.

இது பரவாயில்லை. யாரும் எங்கேயும் ஓடவில்லை.

3

இவ்வளவு இருந்தும் அவள் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏனம்மா என்று அவளையே கேட்டேன். (பாத்திரத்தோடு பேசுவது எழுத்தாளர்களின் பந்தா என்பீர்கள். இருக்கட்டும்.)

"போன தடவையும் இதேதானுங்க. அசதி, மாரு வலி எல்லாமே இருந்துச்சு. ஊரு பூராச் சொல்லிப்போட்டேன். மூத்திரம் விட்டுப் பாக்கற கிட்டுல ஒத்தைக் கோடு. மக்கா நாளு விடியறதுக்குள்ள தீட்டு வந்துருச்சுங்க. தனியா உக்காந்து அழுதேன். தீட்டு வரப்போறதுக்கும் இதே வலிதான், நிக்கப்போறதுக்கும் இதே வலிதான். நான் எதைக் கண்டனுங்க?"

இந்த இடத்தில் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு தத்துவ வாக்கியம் எழுதியிருந்தேன். அவள் சொன்னதே போதும் என்று அடித்துவிட்டேன்.

இந்த முறை அவள் ஒரு முடிவோடு இருந்தாள். மெடிக்கலில் வாங்கிய கிட்டை அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருந்தாள். புருஷன் ஈஸ்வரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவன் போனில் இருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். கோடு ஒன்றோ இரண்டோ, தனியாகப் பார்ப்பதில்லை. இதுதான் அவளுக்கு வேண்டியது, வேறொன்றும் இல்லை.

4

ஈஸ்வர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவன். இப்போது சத்தீஸ்கரில்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

"சத்தமாச் சொல்லு பிரியா! கம்ப்ரசர் ஓடுது!"

பக்கத்து வீட்டு மாரக்காள் கைக்கெட்டும் தூரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்படிக் கத்துவது? பெண்கள் சொல்கிற மாதிரி மறைத்துச் சொன்னாள்.

"இன்னும் தலைக்கு ஊத்தலைங்க."*

"என்னது?"

"முழுகாம இருக்கறனுங்க!"

"அட, இதை மொதல்லயே சொல்றதில்ல? நான் பாத்துக்கறேன் சாமி!"

வைத்துவிட்டான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்து நினைத்து அவளும் சந்தோஷப்பட்டாள்.

* மாதவிலக்கு வந்தால் தலைக்கு ஊற்றி முழுக வேண்டும். முழுகாமல் இருக்கிறாள் என்றால் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

(ஆம்பளைக்கு இதுகூடவா தெரியாது, நம்பும்படி இல்லை என்றாள் என் மனைவி. மீசை முளைக்கும் முன்பே ரிக்கில் ஏறியவன், போர்க்காரன் காதில் எது விழுந்தாலும் தண்ணீராகத்தான் விழும் என்று வாதாடினேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நம்பறேன்" என்றாள். இந்த அடைப்புக்குறியை இத்தோடு மூடுவது நல்லது.)

5

மறுநாள் காலை லாரி வந்தது. டிரைவர் ராசு, கல்யாணமாகாதவன். குரல் மட்டும் ஏர் ஹாரன்.

"ஈஸ்வரண்ணன் அனுப்புனாருங்க்கா! நீங்க முழுகாம இருக்கறீங்களாமா! ஒரு லோடு ஊத்தச் சொன்னாரு!"

மாரக்காள் வாளியைக் கீழே வைத்தாள். "முழுகாம இருக்கறயா கண்ணு? எங்க யாருகிட்டயும் மூச்சே உடுல!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அப்புறம் அதற்கடுத்த வீடு. ராசு எதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் குழாயை மாட்டினான். ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டி வழிந்து தெருவில் ஓடியது. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, முதலில் கேட்டவனைத் தவிர.

சண்முகப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே பயமும். இந்தத் தடவையும் ஒற்றைக் கோடு என்றால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

6

உள்ளே போய்த் தாழ் போட்டாள். கிட்டில் சொட்டு விட்டாள். அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தாள். போன் போட்டாள்.

"தண்ணி வந்துருச்சா சாமி?"

"வந்துருச்சுங்க."

"முழுகிட்டயா?"

பாவி, கேட்கக்கூடாத கேள்வியை எவ்வளவு ஆசையாகக் கேட்கிறான்!

"இல்லீங்க. முழுகாமயே இருக்கோணும்னு கும்பிட்டுக்கிட்டிருக்கறனுங்க."

அந்தப் பக்கம் கம்ப்ரசர் மட்டும் ஓடியது.

முடிவு அ: அவனுக்குப் புரிகிறது. "வண்டியை நிறுத்துங்கடா!" என்று கத்துகிறான்.

முடிவு ஆ: "ஏன், தண்ணி சேறா இருக்குதா? வேற லோடு சொல்லட்டுமா?"

எனக்கு ஆ பிடிக்கும். அவளுக்கு அ. அவனுக்குப் புரியும்வரை தட்டைத் தூக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். நானும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் நேரமானால் கோட்டை நம்பக்கூடாது என்று கிட்டின் அட்டையில் போட்டிருக்கிறது.

ஆகவே போனை உங்களிடம் தருகிறேன். அவனுக்குச் சொல்லுங்கள். தண்ணீர் கலக்காத ஒரு வார்த்தையாகப் பார்த்துச் சொல்லுங்கள். கம்ப்ரசர் ஓடுகிறது, கொஞ்சம் உரக்க.